அப்பாவுக்கு முன்பு பிஎன்பி 350, இப்போது என்டி-புரோபிஎன்பி 1,400. இதய மாத்திரை வேலை செய்யவில்லையா?

இரண்டும் இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள்தான், ஆனால் ஒரே டெஸ்ட் இல்லை, முதலில் அதைப் பாருங்கள். நீங்கள் கேட்கும் விதத்திலேயே தெரிகிறது, வீட்டில் யாரோ ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைக்கிறார். எங்கள் வீட்டில் அது அக்கா வீட்டுக்காரர்.

இதயத்தின் கீழறைச் சுவர் அழுத்தத்தில் விரியும்போது புரோபிஎன்பியைச் சுரக்கும். அது இரண்டாக வெட்டுப்படும். ஒரு துண்டு பிஎன்பி. சிறுநீரில் உப்பையும் நீரையும் வெளியேற்றி, ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஹார்மோன் அதுதான்; சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். மற்றது என்டி-புரோபிஎன்பி. அதற்கு வேலை இல்லை, ஆனால் ரத்தத்தில் நெடுநேரம் தங்கும். அதனால் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு எடுத்தாலும் அதன் எண் பல மடங்கு பெரிதாகத்தான் வரும். மூச்சுத்திணறலோடு அவசரமாக வருபவருக்கு இதயச் செயலிழப்பு இல்லை என்று ஒதுக்க, பிஎன்பி 100-க்குக் கீழ், என்டி-புரோபிஎன்பி 300-க்குக் கீழ் என்று தனித்தனி அளவு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் அம்மாவுக்கு இதயச் செயலிழப்புக்காக சாகுபிட்ரில்-வால்சார்டன் என்ற மாத்திரை கொடுத்தார்கள். உங்கள் அப்பாவுக்கும் அதுவாக இருக்கலாம். பிஎன்பியைச் சிதைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியை சாகுபிட்ரில் தடுக்கிறது. மாத்திரையாலேயே பிஎன்பி ஏறலாம் என்பதால், அந்த நொதி தொடாத என்டி-புரோபிஎன்பிக்கு டாக்டர் மாற்றினார்.

அத்தான் இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்து, சிவப்பு வட்டம் போட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார். கூடவே, "மாத்திரையை நிறுத்துங்க" என்று வாய்ஸ் மெசேஜ். மறுநாள் காலை அம்மா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை சொல்றாரேடி" என்று உட்கார்ந்திருந்தார். மூன்று தலையணை இல்லாமல் படுக்க முடியாதவர் ஒரு தலையணையில் தூங்கத் தொடங்கியிருந்தார். வீங்கிக் கிடந்த பாதத்தில் கணுக்கால் எலும்பு மறுபடி தெரிந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? டெஸ்டின் பெயர்களை மட்டும் பெரிதாக்கி அனுப்பினேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்கு இருந்ததில்லை, பில் கட்டும் நேரத்தில் போனும் எடுத்ததில்லை. மருமகன் வாய்திறந்தால் மட்டும் அது வேதவாக்கு. கூடவே இருக்கும் மகள் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாம். சரி, அது வேறு கதை.

நான் டாக்டர் இல்லை. எண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 1,400 என்பதை மட்டும் வைத்து யாராலும் தீர்ப்பு சொல்ல முடியாது என்கிறேன். வயது, சிறுநீரகக் கோளாறு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிப்பது) மூன்றும் அதை ஏற்றும். உடல் பருமன் குறைத்துக் காட்டும். அடுத்த முறை அதே டெஸ்டை, முடிந்தால் அதே லேபில் எடுத்து ஒப்பிடுங்கள். மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் வரவேண்டாம். 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2014-இல் வெளியான சோதனையில், எனலாப்ரில் என்ற பழைய மருந்தை எடுத்தவர்களைவிட சாகுபிட்ரில்-வால்சார்டன் எடுத்தவர்களிடம் இதயநோய் மரணமும் இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 20 சதவீதம் குறைவு.

அத்தானின் அடுத்த யோசனை, "பழைய எனலாப்ரிலையும் சேர்த்துக் கொடுங்க." அதை மட்டும் செய்துவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது; ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதுக்கு மாறினால்கூட நடுவே 36 மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் முகமும் நாக்கும் வீங்கி மூச்சு அடைக்கும் ஆபத்து அதிகம். எங்கள் வீட்டில் மிச்சமிருந்த எனலாப்ரில் அட்டையை அன்றே தூக்கிப் போட்டுவிட்டேன்.