ஊக்கமருந்து வரலாறு முழுவதும் தெரிந்த பிறகும் டூர் டி பிரான்ஸை எப்படி ரசிக்க முடிகிறது?

மூன்று வாரங்கள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் வென்ற ஏழு பட்டங்களும் ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்ட பிறகும், அந்த விளையாட்டை இன்னும் மனமொன்றிப் பார்க்க முடிகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிகிறது. ஆனால் அந்த நிலைக்கு வந்து சேர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

2006 ஜூலை 20 அன்று இரவு, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் நானும் சித்தப்பாவும் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்தபடி, சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தோம். முந்தைய நாள் மலை ஏற்றத்தில் தளர்ந்துபோய் எட்டு நிமிடங்களுக்கும் மேலாகப் பின்தங்கி, முன்னிலை வீரர் அணியும் மஞ்சள் மேலாடையையும் இழந்திருந்த அமெரிக்க வீரர் ஃபுளோயிட் லாண்டிஸ், அன்று நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் மீதமிருக்கும்போதே கூட்டத்தை விட்டு முன்னேறி, மோர்சீன் நகரில் ஏறத்தாழ ஆறு நிமிட இடைவெளியுடன் வென்றார். பந்தயம் பாரிஸில் முடிந்து சில நாட்களுக்குள், அன்றைய பரிசோதனை மாதிரியில் டெஸ்டோஸ்டெரோன் முறைகேடு இருந்ததாகச் செய்தி வந்தது. சித்தப்பா அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் பந்தயம் பார்க்கவில்லை. அவருடைய கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன், ஏனென்றால் அன்று எங்களுக்கு ஏற்பட்ட பரவசம் முற்றிலும் உண்மையானதாக இருந்தது. அதற்குக் காரணமானது மட்டும் உண்மையாக இருக்கவில்லை.

பரவசத்தை ஆதாரமாகக் கொள்ளக்கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். ஆனால், இந்த விளையாட்டில் ரசிப்பதற்கு வெற்றியாளரின் கால்களைத் தவிர வேறு எதுவுமில்லை என்று எண்ணுவதும் தவறு. ஜூலை மாதத் தென்மேற்குக் காற்றில், கொள்ளுப்பிட்டியிலிருந்து மரைன் டிரைவ் வழியாக வெள்ளவத்தை நோக்கிச் சைக்கிள் மிதித்துப் பார்த்தவர்களுக்கு, முன்னால் போகும் நண்பரின் முதுகு எவ்வளவு பெரிய அடைக்கலம் என்பது தெரியும். சாலைப் பந்தயத்தின் தந்திரம் முழுவதும் இந்தக் காற்றைச் சுற்றியே பின்னப்பட்டிருக்கிறது. அணித் தலைவருக்காக மணிக்கணக்கில் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டு கடைசி ஏற்றத்தில் ஒதுங்கிவிடும் துணை வீரர், கூட்டத்தை விட்டு முன்னே தப்பிச் சென்ற நால்வர் அதனிடம் பிடிபடும் தறுவாயில் ஒருவரையொருவர் முன்னால் போகச் சொல்லித் தயங்கும் அந்த அரை நிமிடம், இவற்றைப் புரிந்துகொண்ட ஒருவருக்கு ஐந்து மணிநேரம் நீளமாகத் தெரியாது.

இனி மருந்து விடயத்துக்கு வருகிறேன். 1967 இல் பந்தயத்தின்போது மோன் வந்தூ மலையில் பிரித்தானிய வீரர் டொம் சிம்ப்சன் சரிந்து இறந்தபோது அவர் உடலில் அம்ஃபெட்டமின் இருந்தது. அக்காலத்து மருந்துகள் பெரும்பாலும் களைப்பை மறக்கச் செய்தன. தொண்ணூறுகளில் பரவிய ஈ.பி.ஓ. வேறு வகையானது: சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கும் ஹோமோனை வெளியிலிருந்து செலுத்திச் செங்குருதிக் கலங்களைப் பெருக்கும்போது, தசைகளுக்குப் போகும் ஒட்சிசனின் அளவே உயர்ந்துவிடுகிறது. அதைக் கண்டறியும் சோதனை அப்போது இல்லாததால், 1997 இல் சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் குருதியில் செங்கலங்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று மட்டும் வரம்பு வைத்தது. மறு ஆண்டு ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் ஒருவர் ஓட்டிவந்த காரில், எல்லைச் சாவடியில் மருந்துக் குவியல் அகப்பட, அந்த அணியே பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. ஒவ்வொரு வீரரின் குருதி அளவுகளையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவுசெய்து, அவருடைய சொந்த இயல்போடு ஒப்பிடும் உயிரியல் கடவுச்சீட்டு 2008 இல்தான் வந்தது.

அந்த ஃபெஸ்டினா அணியில் மருந்தைத் தொடாதவராக அறியப்பட்டவர் கிறிஸ்டோஃப் பாசொன். 1999 இல் வேறோர் அணிக்காக ஓட்டியபடியே, பந்தயத்தின் வேகம் நம்பக்கூடியதாக இல்லை என்று பத்திரிகையில் எழுதினார். ஆம்ஸ்ட்ரோங் பந்தயத்தின் நடுவிலேயே அவருக்கு அருகில் வந்து வீட்டுக்குப் போகச் சொன்னார். சக வீரர்கள் அவருடன் பேசுவதை நிறுத்தினார்கள். சில நாட்களில் பாசொன் பந்தயத்தை விட்டு விலகினார். ஆம்ஸ்ட்ரோங்கின் பட்டங்கள் பறிபோக அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. மருந்து உட்கொண்டவர் ரசிகரை ஏமாற்றினார் என்று நாம் பேசுகிறோம். எனக்குப் பாசொனின் தனிமைதான் அதைவிடப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இலங்கையர்களான நமக்கு இது தூரத்துக் கதை அன்று. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்ற சுசந்திகா ஜயசிங்கவுக்கு, முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்த பின்னர், 2009 இல்தான் வெள்ளி என்று தீர்மானிக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த அந்தத் தீர்மானத்தால், சிட்னி மேடையில் ஒரு படி மேலே நின்றிருக்க வேண்டிய அந்த மாலையைத் திருப்பித் தர முடியவில்லை. ஆகவே “எல்லோரும்தானே போட்டார்கள், ஆகையால் எல்லாம் சமம்தானே” என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடிவதில்லை.

இன்றைய வீரர்களின் வேகத்தை நம்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2024 இல் பிளாட்டோ த பெய் ஏற்றத்தில், ஈ.பி.ஓ. காலமான 1998 இல் மார்கோ பண்டானி எடுத்த நேரத்தைவிட மூன்று நிமிடங்களுக்கும் மேல் விரைவாகத் தடே பொகாச்சர் ஏறினார். பொகாச்சர் மீது எந்த ஊக்கமருந்துக் குற்றமும் நிறுவப்பட்டதில்லை. சைக்கிள்களும் உணவு முறையும் பயிற்சியும் பெரிதும் மாறியிருக்கின்றன என்பதும் உண்மை. வெறும் நேரக் கணக்கை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்குவது பாசொனுக்குச் செய்ததைப் போன்ற இன்னோர் அநியாயமாகிவிடக் கூடும் என்பதால், நான் வியக்கிறேன், சோதனை தொடர வேண்டும் என்கிறேன், அதற்கு மேல் தீர்ப்புச் சொல்வதில்லை.

அதே ஆண்டுப் பந்தயத்தின் முதல் நாளில், 39 வயது மார்க் கவெண்டிஷ் வெயிலில் வாந்தியெடுத்து, முதல் ஏற்றத்திலேயே கூட்டத்தை விட்டுப் பின்தங்கினார். அவருடைய அணித் தோழர்கள் அவரை நடுவில் வைத்துக் காற்றை மறைத்து, நேர வரம்புக்குள் ரிமினி நகருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான்கு நாட்கள் கழித்து அவர் தனது 35 ஆவது கட்ட வெற்றியை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தின் வெற்றியைப் பெற்று, எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனையைக் கடந்தார். அன்றிரவு சித்தப்பா எனக்குத் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, முதல் நாள் அவனோட பின்னுக்கு நின்ற பொடியன்களின்ர பேர் என்ன?” என்றுதான் முதலில் கேட்டார்.