கேளுங்கள், விளக்குகிறோம்: அடையாள அட்டை இலக்கமும் அதைச் சுற்றியுள்ள தரவுகளும்

கேள்வி: வங்கிச் செயலியில் அடையாள அட்டையைப் படமெடுத்து, முகத்தை இடம் வலம் திருப்பிக் காட்டினேன். கிளைக்குப் போகாமலே கணக்குத் திறந்தாயிற்று. அது நான்தான் என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அட்டையை மட்டும் நம்பி அல்ல. செயலி முதலில் படத்திலுள்ள எழுத்துகளை வாசித்து இலக்கத்தைப் பிரித்தெடுக்கும். ஆட்பதிவுத் திணைக்களத்தின் தரவோடு இணைப்புள்ள வங்கி, அந்த இலக்கத்துக்கு உரிய பதிவை அங்கே பார்க்கும். பிறகு உங்கள் முகத்தைப் பதிவிலுள்ள படத்தோடு ஒப்பிடும். நாட்டிலுள்ள எல்லா முகங்களிலும் தேடுவதில்லை, ஒன்றுக்கு ஒன்றுதான். வேறொருவர் உங்கள் படத்தைக் கமராவுக்கு முன் பிடித்து ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் தலையைத் திருப்பச் சொல்கிறார்கள். கைத்தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. (ஒருமுறை மட்டும் செல்லும் கடவு இலக்கம்) காட்டுவது வேறொன்று: அந்த சிம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது என்பதை மட்டும்.

வங்கி இதை விருப்பத்துக்காகச் செய்யவில்லை. வாடிக்கையாளர் யாரென்று உறுதிசெய்ய வேண்டிய கடமை, 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வருகிறது. ஐ.நா. தடைப் பட்டியலோடும் பெயரை ஒப்பிடுவார்கள். பரவலாக வழங்கும் பெயர்காரர்களுக்குச் சில வேளை தாமதமாவது அங்கேதான். பிறந்த திகதி வேறென்று கண்டால் விடுவித்துவிடுவார்கள்.

நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலும் மூன்று காரணங்கள். லெமினேற் அட்டையில் வெளிச்சம் பட்டுப் பளபளத்தல்: அட்டையைக் கறுப்புத் துணியில் வைத்து, ஃபிளாஷை அணைத்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பதினாறு வயதில் எடுத்த படத்தோடு நாற்பத்தைந்து வயது முகம் ஒத்துப்போகாமை: அட்டையைப் புதுப்பிப்பதே வழி. மூன்றாவது நம்மவர்களுக்கே உரியது. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் வெறும் முதலெழுத்து; ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதல். விண்ணப்பத்தில் அட்டையிலுள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே இடுங்கள், அழகு பார்க்க வேண்டாம்.

கேள்வி: அம்மா பிறந்தது 1973 மார்ச் 1. ஒரு செயலி, அடையாள அட்டை இலக்கத்தின்படி மார்ச் 2 என்கிறது. அட்டை பிழையா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: அட்டை சரி, செயலிதான் பிழை. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டப்படும். அம்மாவின் அட்டை 73561 என்று தொடங்க வேண்டும். 561இலிருந்து 500ஐக் கழித்தால் 61. ஆனால் சாதாரண ஆண்டில் மார்ச் 1 அறுபதாவது நாள்தானே? இந்தக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரிக்கு 29 நாள். இது தெரியாமல் எழுதிய மென்பொருளில், நெட்டாண்டு அல்லாத ஆண்டில் மார்ச் 1இலும் அதற்குப் பின்னும் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும். செயலி நடத்துநருக்கு இதைச் சொல்லுங்கள். திகதியை மாற்றி இட்டு அப்போதைக்குத் தப்பிக்க வேண்டாம், அடுத்த இடத்தில் மாட்டும்.

2016இலிருந்து வழங்கும் 12 இலக்க வடிவில் அதே இலக்கம் இப்படி மாறும்: 73க்கு முன்னால் 19, பிறகு 561, அதன்பின் ஒரு 0, பழைய தொடரிலக்கம் மூன்று, சரிபார்ப்பு இலக்கம் ஒன்று. கடைசி வி எழுத்து போய்விடும்.

கேள்வி: 2022இல் எரிபொருள் பங்கீட்டுக் கியூ.ஆருக்கு ஏன் செஸி இலக்கம் கேட்டார்கள்? (வாசகர், மட்டக்குளி)

பதில்: வாகன இலக்கத் தகட்டைத் தெருவில் போகிற எவரும் பார்க்கலாம், வாகனச் சட்டகத்தில் பொறித்த செஸி இலக்கம் பதிவுப் புத்தகத்தை வைத்திருப்பவருக்கே சுலபமாகக் கிடைக்கும். இரண்டையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு பொருத்திப் பார்த்தால் போதும். ஓப்பன் பேப்பரில் வாங்கி, பெயர் மாற்றாமல் ஓட்டியவர்கள், பழைய உரிமையாளர் ஏற்கனவே பதிந்திருந்ததால் சிக்கிக்கொண்டதும் இதனால்தான்.

கேள்வி: தவணைக் கடனுக்குப் போனால், ‘கிரிப்பில் பெயர் இருக்கு’ என்று திருப்பி அனுப்பினார்கள். (வாசகி, தெஹிவளை)

பதில்: கடன் எடுத்த எவருடைய பெயரும் ‘கிரிப்’ எனப்படும் கொடுகடன் தகவல் பணியகத்தில் இருக்கும், ஒழுங்காகக் கட்டுபவருடையதும்கூட. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்தப் பணியகம் கறுப்புப் பட்டியல் வைத்திருப்பதில்லை. நிதி நிறுவனங்கள் அனுப்பும் விவரத்தைத் தொகுத்துக் கொடுக்கிறது, கடன் தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது நிறுவனம். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். அதில் கட்டிமுடித்த கடன் இன்னும் நிலுவையாகத் தெரிகிறதா, நீங்கள் பிணையாக நின்ற கடன் ஏதும் இருக்கிறதா, பழைய இலக்கத்திலும் புதிய இலக்கத்திலும் உங்கள் விவரம் பிரிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பிழையிருந்தால் அந்த விவரத்தை அனுப்பிய நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள்.

கேள்வி: போகிற இடமெல்லாம் அடையாள அட்டைப் பிரதி கேட்கிறார்கள். கொடுத்தால் என்ன ஆபத்து? (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: இலக்கத்திலேயே பிறந்த திகதியும் பாலும் இருக்கின்றன, வசிக்கும் பகுதி தெரிந்துவிட்டால் ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. அஞ்சல் பகுதிக் குறியீடு, பிறந்த திகதி, பால் ஆகிய மூன்றையும் வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்தனியாக அடையாளம் காணலாம் என்று அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லத்தான்யா ஸ்வீனி 2000இல் கணக்கிட்டார். அங்கே மூன்று துண்டுகளைத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. நாம் அதில் இரண்டைப் போட்டோக் கொப்பியாகவே நீட்டுகிறோம்.

பிரதியின் படத்துக்கும் இலக்கத்துக்கும் குறுக்கே, யாருக்கு, எதற்கு, எந்தத் திகதியில் கொடுத்தது என்று பேனையால் எழுதுங்கள். வாயிற்காவலர் பதிவேட்டுக்குப் பிரதி தேவையில்லை, காட்டினால் போதும் என்று தயங்காமல் சொல்லலாம்.

பிரதியைவிட எங்களுக்குக் கவலை தருவது கைவிட்ட சிம்தான். பாவிக்காத எண்ணை நிறுவனம் வேறொருவருக்கு வழங்கலாம். உங்கள் வங்கி ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். ஆகவே எண்ணை மாற்றுவதென்றால் முதலில் வங்கியில், பிறகு மின்னஞ்சலில், வட்ஸ்அப்பில் புதிய எண்ணைப் பதியுங்கள். எல்லாவற்றிலும் ஓ.டி.பி. வந்து சேர்கிறதா என்று பார்த்த பிறகு பழைய சிம்மை நிறுத்துங்கள். வெளிநாடு போகும் பிள்ளைகள் மறந்துவிட்டுப் போவது இதைத்தான்.