லெ மான் எடைக் கணக்கு – கடிதம்

வணக்கம் சார்,

லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைச் சில வருடங்களாகப் பார்க்கிறேன். வேகமாக ஓடும் காரில் எடையை ஏற்றிப் பின்னால் இழுக்கிறார்களே, இது என்ன நியாயம்? எஃப்1 மாதிரி செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டு, ஓடவிட்டால் என்ன? இனி வரும் விதிகளிலாவது மாறுமா?

ர.

அன்புள்ள ர.,

எரிச்சல் நியாயம்தான். 2023 நூற்றாண்டுப் பந்தயத்துக்குச் சற்று முன்னால் டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24 கிலோ ஏற்றினார்கள். ஃபெராரி ஜெயித்தது. பேச்சு வராமல் இருக்குமா?

ஆனால் செலவுக்குப் போட்ட கடிவாளமே, எடையையும் பவரையும் கூட்டிக் குறைத்துக் கார்களைச் சமப்படுத்தும் அந்தப் பிஓபி (Balance of Performance) விதிதான். ரோட்டுக் கார் செய்யும் இத்தனை கம்பெனிகளின் கணக்கில் எது பந்தயச் செலவு, எது ஆராய்ச்சிச் செலவு என்று யார் பிரிப்பது? அதனால் பணத்தை விட்டுவிட்டு, பணம் வாங்கித் தரும் வேகத்தைப் பிடித்தார்கள். சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டில் டார்க் சென்சார் (முறுக்கு விசையை அளக்கும் கருவி) இருக்கிறது. அனுமதித்த பவருக்கு மேல் போனால் மாட்டிக்கொள்வீர்கள். காரின் உடலை விண்ட் டனலில் அளந்து முத்திரை குத்திவிடுகிறார்கள். அப்புறம் 'ஜோக்கர்' என்ற பெயரில் எண்ணிச் சில மாற்றங்கள்தான். மேல் வகுப்பில் ஓடும் இரண்டு வகைக் கார்களில் ஒன்றான எல்எம்டிஎச் என்றால், சேஸியை (அடிச்சட்டத்தை) நான்கே கம்பெனிகளிடம்தான் வாங்க முடியும்; ஹைபிரிட் மோட்டாரும் கியர்பாக்ஸும் எல்லோருக்கும் ஒன்று. கோடியைக் கொட்டினாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இதற்கு முந்தைய மேல் வகுப்பான எல்எம்பி1 ஹைபிரிட் காலத்தில் கொட்டினால் கிடைத்தது. 2016 முடிவில் ஆடி போனது, 2017 முடிவில் போர்ஷே. மிச்சமிருந்த ஒரே பெரிய கம்பெனி டொயோட்டா, அடுத்தடுத்து மூன்று லெ மானை வாரிக்கொண்டது. அதை நினைத்தால் 37 கிலோ எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரியவில்லை.

பிஓபியில் ஓட்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். காரில் செலவழிக்க முடியாத பணம் சிமுலேட்டருக்கும் மென்பொருளுக்கும் இன்ஜினியர்களுக்கும் போகிறது. கார் மலிவானதால் கம்பெனி நிலைக்கும் என்றும் இல்லை: போர்ஷே 2025 முடிவில் லெ மானும் அடங்கிய உலகத் தொடரிலிருந்து மறுபடி விலகிவிட்டது. அந்த முடிவெல்லாம் போர்டு ரூமில் எடுப்பது, எந்த விதியாலும் தடுக்க முடியாது.

நான் பார்ப்பது வேறு. 2025 லெ மானில் ஜெயித்தது ஏஎஃப் கோர்ஸே என்ற அணி தனியாக இறக்கிய மஞ்சள் ஃபெராரி, எண் 83. ஃபெராரியின் சொந்தச் சிவப்புக் கார்கள் இரண்டும் அதற்குப் பின்னால்தான் வந்தன. இனி எழுதும் விதிகளில், ஹைப்பர்கார் (இப்போதைய மேல் வகுப்புக் கார்) செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் தனியார் அணிக்கு ஒரு காராவது நியாயமான விலைக்கு விற்றாக வேண்டும் என்று இருந்தால், கம்பெனி கிளம்பினாலும் கார் களத்தில் இருக்கும். உச்சவரம்பைவிட அதைத்தான் நான் கேட்பேன். எடையைத் தீர்மானிக்கும் கணக்கை முழுசாக வெளியிடச் சொல்லியும் கேட்பேன். உங்கள் கோபத்தில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.