எனக்குப் பிடித்த தொலைக்காட்சிச் சமையல்காரர்: வேலியில் கறி தேடும் வெள்ளைக்காரர்

கேள்வி: உங்களுக்குப் பிடித்த தொலைக்காட்சிச் சமையல் கலைஞர் யார்? ஏன்?

சமையல் திறமையை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் சொல்லப்போகிற ஆள் முதல் பத்துப் பேருக்குள்ளும் வரமாட்டார். வெங்காயம் அரிவதே ஒரு மாதிரித்தான். அடுப்படியை யுத்தகளம் ஆக்கிவிட்டுத்தான் ஓய்வார். லண்டனில் பெயர்போன ரிவர் கஃபே உணவகத்தில் வேலை செய்து, துப்புரவும் ஒழுங்கும் காணாது என்று நிறுத்தப்பட்டவர். பெயர் ஹியூ ஃபியர்ன்லி-விட்டிங்ஸ்டால். இவ்வளவு நீளப் பெயரைத் திரும்ப எழுதக் கை வலிக்கும் என்பதால் இனி ஹியூ.

2000களின் தொடக்கத்தில் நான் கிழக்கு லண்டனில் படித்துக்கொண்டு, இரவில் பெற்றோல் நிலையம் ஒன்றில் வேலை செய்த காலத்தில் பழக்கமானவர். பகலில் நித்திரை வராத நேரங்களில் சேனல் 4 ஓடிக்கொண்டிருக்கும். 1999இல் தொடங்கிய 'ரிவர் கொட்டேஜ்' தொடரின் மறு ஒளிபரப்புகள் அதில்தான் வரும். ஆள் லண்டனை விட்டுவிட்டு டோர்செட் என்ற கிராமப்புறத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போகிறார். மரக்கறி போடுகிறார், பன்றி வளர்க்கிறார், தன்னிடம் மிஞ்சியதை அயலவரிடம் கொடுத்துத் தனக்கு இல்லாததை வாங்குகிறார். மற்றச் சமையல்காரர்கள் எல்லாரும் மேசையில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் சாமான் அடுக்கி வைத்துக்கொண்டு தொடங்குவார்கள். இவர் சப்பாத்தில் சேறு பூசிக்கொண்டு தொடங்குவார். அறை வாடகைக்கும் கல்லூரிக் காசுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த எனக்கு, ஒருவர் சும்மா பற்றைக்குள் கைவிட்டுச் சாப்பாடு எடுக்கிறதைப் பார்ப்பது பெரிய ஆறுதல். அவ்வளவுதான் அப்போது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பிறகு யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட்டேன். ஆளை மறந்தும் போனேன். போன மாரியில், மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம், யூடியூப் தானாகவே அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. பக்கத்தில் அம்மா. திரையில் ஹியூ கையுறை போட்டுக்கொண்டு சொறிகிற செடி ஒன்றின் கொழுந்தைப் பிடுங்கிச் சூப் வைக்கிறார்.

"உதென்ன, காஞ்சோண்டியையே பிடுங்கிறான்?" என்றார் அம்மா.

"இது அங்கத்தைச் செடி அம்மா. வேற இனம். சுடுதண்ணியில போட்டாச் சொறி போயிடுமாம்."

"எங்கட வேலியில நிண்ட முசுட்டையைத் தின்னவைக்க நீ என்ன பாடு படுத்தினனீ. இப்ப வெள்ளைக்காரன் இலை பிடுங்கிறதை வாய் பாத்துக்கொண்டிருக்கிறாய்."

(இதைப் படித்துவிட்டு யாரும் நம்மூர்க் காஞ்சோண்டியில் சூப் வைக்கப் புறப்பட வேண்டாம். சொறிவதில் மட்டும்தான் இரண்டும் சொந்தம்.)

அம்மா சொன்னதற்குப் பிறகு பழைய நிகழ்ச்சிகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஹியூ தேடி அலைகிற இடம் பெரும்பாலும் காடு இல்லை. வயல்களைப் பிரிக்கிற செடிவேலி, தெருவோரம், கடற்கரை. இங்கிலாந்தில் அந்த வேலிகள் நூற்றாண்டுகள் பழசு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய இயந்திரங்கள் வயலுக்குள் திரும்ப இடம் வேண்டும் என்று ஏராளமான வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். வேலி போக, அதில் இருந்த பழமும் கொட்டையும் இலையும் சேர்ந்து போயின. யாழ்ப்பாணத்து ஆளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்கள் வீட்டு வேலி கிளுவையும் பூவரசும் முள்முருக்கும். அதில் நட்ட தடியான கதியால் மட்டுமா நின்றது? மாரி தொடங்கினால் முசுட்டை ஏறும், குறிஞ்சா ஏறும், முடக்கொத்தான் தொங்கும், கொவ்வை காய்க்கும். ஒரு மூலையில் தூதுவளை முள்ளோடு நிற்கும். யாரும் நட்டதும் இல்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை. வேலியின் இந்தப் பக்கம் எங்களுக்கு, அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாமிக்கு. எல்லைக்கு ஓரங்குலம் கூடிக் குறைந்தால் நீதிமன்றம் வரை போகிற சனம், முசுட்டைக்கு மட்டும் கணக்குப் பார்த்ததில்லை.

இப்போது ஊரில் மதில். வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளில் ஆளுயர மதில், வராத வீடுகளில் தகரம். பாதுகாப்பு, ஆடு மாடு, வருடா வருடம் வேலி அடைக்கிற செலவு, கதியாலும் ஓலையும் வாங்குகிற கரைச்சல் என்று காரணம் எல்லாம் நியாயமானதுதான். நானும் முன்பக்கம் மதில்தான் கட்டியிருக்கிறேன். ஆனால் சீமெந்தில் முசுட்டை ஏறாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் சில நாள் கட்டாக வரும். வாங்குகிறவர்கள் பாதிப்பேர் சீனி வருத்தக்காரர், மருந்தாக வாங்குகிறார்கள். கறியாக வாங்குகிறவர் குறைவு.

ஹியூவைப் பார்த்த உற்சாகத்தில் அம்மாவிடம் முசுட்டை வறை கேட்டேன். பின்வளவு வேலியில் இன்னும் கொஞ்சம் நின்றது. இலை இதய வடிவில் அகலமாய் இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெளிறி, மென்மயிர் படர்ந்திருக்கும். முற்றினதைப் பிடுங்கினால் நார், கொழுந்தாகப் பார்த்து எடுக்க வேண்டும். கழுவி நன்றாகத் தண்ணீர் வடிய விட்டார். பிறகு இலைகளை அடுக்கி, இறுக்கிச் சுருட்டி, எவ்வளவு சன்னமாய் முடியுமோ அவ்வளவு சன்னமாய் அரிந்தார். அரிதல்தான் இந்தக் கறியின் முக்கால்பங்கு வேலை. மொத்தமாய் அரிந்தால் வாயில் புல்லுத்தான். அரிந்ததோடு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், துளி மஞ்சள், உப்பு எல்லாம் போட்டுக் கையால் பிசறி வைத்துவிட்டு, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்த சட்டியில் கொட்டி, மூடாமல் பிரட்டினார். மூடினால் பச்சை நிறம் போய்விடுமாம். தேங்காய்ப்பூ வாசம் எழும்பியதும் இறக்கித் தேசிக்காய் விட்டார். சிவப்பு அரிசிச் சோறு, சூடை மீன் குழம்பு, இந்த வறை. சின்ன வயதில் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினதை இப்போது இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன்.

சாப்பிடும்போது அம்மா சொன்ன கதை ஹியூவைப் பற்றிய என் எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றியது. போர்க்காலத்தில், 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு மண்ணெண்ணெய், சீனி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர், பனங்களியில் உடுப்புத் தோய்ப்பு, இருக்கிற இலையெல்லாம் கஞ்சிக்குள். 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரமும் அதைச் சுற்றிய வலிகாமமும் போரால் முழுக்க இடம்பெயர்ந்தபோது, கிழக்கே தென்மராட்சியில் ஒரு வளவுக்குள் ஐந்தாறு குடும்பம். அங்கே வேலியில் நின்ற இலைதான் பல நாள் கறி. "அதைத் தின்டு தின்டுதான் பேந்து கண்ணிலயும் காட்டக்கூடாதெண்டு இருந்தது" என்றார்.

அதே 1995இல்தான் ஹியூவின் முதல் தொடர், 'எ குக் ஒன் தி வைல்ட் சைட்', சேனல் 4இல் வந்தது. லேண்ட் ரோவர் ஒன்றைச் சமையலறையாக மாற்றிக்கொண்டு, காட்டிலும் மேட்டிலும் கிடைப்பதைச் சமைத்துச் சாப்பிட்டபடி ஊர் சுற்றினார். பணக்காரர் படிக்கிற ஈட்டன் பள்ளியிலும் ஒக்ஸ்ஃபோர்டிலும் படித்த பிள்ளைக்குப் பற்றைக்குள் கறி தேடுவது ஒரு துணிகர விளையாட்டு. விரும்பினால் மறுநாள் கடைக்குப் போகலாம். எங்கள் சனம் அதே வேலையைச் செய்தது வேறு வழியில்லாமல். யாழ்ப்பாணத்தில் இலைக்கறி 'இல்லாத காலத்துச் சாப்பாடு' என்ற பெயர் எடுத்ததற்கும், கல்யாணப் பந்தியில் ஒரு நாளும் ஏறாததற்கும் இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கூழ் கேட்டு அடம்பிடிப்பார்கள், பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்துப் படமும் எடுப்பார்கள். ஊரில் இருக்கிறவர் விருந்தாளிக்கு முன்னால் முசுட்டையை வைக்கக் கூச்சப்படுவார். ஊர்ச் சாப்பாடு விற்கிற திருநெல்வேலி அம்மாச்சி உணவகம் போன்ற இடங்கள் வந்த பிறகு அந்தக் கூச்சம் கொஞ்சம் விட்டிருக்கிறது.

அப்படியென்றால் ஹியூ வெறும் பணக்காரப் பொழுதுபோக்கா? நானும் கொஞ்சநாள் அப்படி நினைத்தேன். மீன் விசயம்தான் அந்த எண்ணத்தை உடைத்தது.

2011 ஜனவரியில் வந்த 'ஹியூஸ் ஃபிஷ் ஃபைட்' தொடரைப் பார்த்திருக்காவிட்டால் பாருங்கள். வட கடலில் மீன்பிடிப் படகு ஒன்றில் ஏறிப் போகிறார். வலையில் அருமையான கொட் மீன் வருகிறது. அந்த இனத்தில் பிடிக்கலாம் என்று விட்ட அளவு, அதாவது ஒதுக்கீடு, முடிந்துவிட்டதால் கரைக்குக் கொண்டுவரச் சட்டம் விடவில்லை. செத்த மீனை அப்படியே கடலில் தள்ளுகிறார்கள். தள்ளுகிற மீனவர் முகத்தைப் பார்க்க முடியாது, அவ்வளவு வேதனை. ஹியூ கத்தவில்லை, அழவில்லை. கையொப்பம் சேர்க்கிறார், அமைச்சர்களைத் துரத்துகிறார், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசெல்ஸ் வரை போகிறார். லட்சக்கணக்கானோர் கையொப்பமிட்டார்கள். 2013 பெப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 502க்கு 137 என்ற வாக்கில் மீன்வளக் கொள்கைச் சீர்திருத்தத்தை ஏற்றது. பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி 2015இலிருந்து 2019 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அது ஹியூ ஒருவரால் வந்தது இல்லை. கடலில் அதைச் சரியாகக் கண்காணிப்பதில்லை என்ற முறைப்பாடும் உண்டு. ஆனாலும் ஒரு சமையல்காரர் சட்டிக்கு முந்தின கட்டத்தைப் பற்றி இவ்வளவு தூரம் அலைந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

யாழ்ப்பாணக் கரையில் பாசையூரிலோ குருநகரிலோ விடியப்புறம் மீன் வாங்கப் போகிறவருக்கு இந்தத் தொடர் இன்னொரு விதமாகச் சுடும். இங்கே பிரச்சினை ஒதுக்கீடு இல்லை, இழுவைமடி. அடிக்கடலை வாரிக்கொண்டு போகிற றோலருக்குக் குஞ்சும் ஒன்று, கிழடும் ஒன்று. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. பாக்கு நீரிணையில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகளின் பிரச்சினை இன்னும் தீரவில்லை. எங்கள் பக்கத்திலும் அந்தத் தொழில் செய்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரு கரையிலும் தமிழர், இரு கரையிலும் கடன். இதை ஒரு தொலைக்காட்சித் தொடர் தீர்த்துவிடாது. ஆனால் எங்கள் சமையல் நிகழ்ச்சிகளில் நண்டுக்கறி எத்தனை விதமாக வருகிறது. அந்த நண்டு எந்த வலையில் வந்தது என்று ஒருவராவது கேட்கிறார்களா?

அதே தொடரில் ஹியூ சொன்ன இன்னொன்றை நான் கடைப்பிடிக்கிறேன். எல்லாரும் கொட் மீனுக்கே அடிபடாமல் மக்கரல் சாப்பிடுங்கள் என்று சொல்லி, பொரித்த மீன் கடைகளையே அதை பணிசுக்குள் வைத்து விற்கவைக்கப் பார்த்தார். மக்கரல் எங்கள் கும்பளாவுக்குச் சொந்தக்காரன். அறக்குளாவும் விளைமீனும் விலை ஏறி நிற்கிற நாளில் நான் இப்போது சூடை, கீரி, கும்பளா என்று போய்விடுகிறேன். முள்ளு எடுக்கப் பஞ்சிப்படுகிற ஆட்களுக்குச் சரிவராது. ருசியில் குறையே இல்லை.

அவருடைய எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்றில்லை. 2008இல் 39 நாளில் இறைச்சிக்குத் தயாராகிற கோழியை வளர்த்துக் காட்டி, மலிவுக் கோழி வாங்காதீர்கள் என்று சொன்னார். நியாயம்தான். ஊர்க்கோழியின் விலை கேட்டுவிட்டு மூன்று பிள்ளைகளோடு நிற்கிற தாய்க்கு அந்த நியாயத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. 2011இல் சில மாதம் மச்சம் விட்டு மரக்கறி மட்டும் சாப்பிட்டதை ஒரு முழுத் தொடராக எடுத்திருந்தார். அம்மா பார்த்துவிட்டு, "நல்லூர்க் கொடியேறினா 25 நாளும் நாங்கள் மச்சம் தொடுறேல்லை. ஆர் வந்து படம் எடுத்தவங்கள்?" என்று கேட்டார். பதில் இல்லை.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் 1999 ரிவர் கொட்டேஜ் முதல் தொடரில் தொடங்குங்கள், பிறகு மீன் தொடர். அளவுகளை நம்பி அப்படியே சமைக்க வேண்டாம், எல்லாவற்றிலும் வெண்ணெய் கூட. ஒன்றை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் போட்டுவிடாதீர்கள்: 1998இல் வந்த 'டிவி டின்னர்ஸ்' தொடரில், குழந்தை பிறந்த வீடொன்றில் நச்சுக்கொடியைப் பூண்டும் வெங்காயமும் போட்டு வதக்கி, அரைத்து, பாணில் தடவி விருந்தாளிகளுக்குக் கொடுத்த நிகழ்ச்சி. ஒளிபரப்புத் தரநிலை ஆணையமே கண்டித்தது. அதை அம்மாவுக்குக் காட்டுகிற எண்ணம் எனக்கு இல்லை.