வெல்டிங் கேபிளும் டேப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் பட்டறையில் 35 சதுர மில்லிமீட்டர் செப்பு வெல்டிங் கேபிளைப் பயன்படுத்துகிறோம். வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டரிலிருந்து இரண்டடி தள்ளி ரப்பர் உறை வெடித்து, உள்ளே இழைகள் தெரிகின்றன. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி வேலையைத் தொடர்கிறோம். வெல்டிங்கில் வோல்ட்டேஜ் குறைவு என்பதால் ஒன்றும் ஆகாது என்கிறார் எங்கள் மூத்த வெல்டர். அவர் சொல்வது சரியா?
— பட்டறை உரிமையாளர், துவாக்குடி

பதில்: அவர் சொல்வதில் பாதிதான் சரி. ஆர்க் (ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையிலான மின்சுடர்) எரிந்துகொண்டிருக்கும்போது ஹோல்டருக்கும் வேலைப்பொருளுக்கும் இடையே 20 முதல் 30 வோல்ட் வரைதான் இருக்கும். ஆனால் ஆர்க் அணைந்த கணத்திலிருந்து அடுத்த ராடு உரசும் வரை, மெஷினின் வகையைப் பொறுத்து, அது 60 முதல் 80 வோல்ட் வரை எழுந்து நிற்கும். வெல்டர் ராடு மாற்றுவதும், கேபிளைத் தோளிலிருந்து இறக்கிப் போடுவதும், வியர்வையைத் துடைப்பதும் இந்த நேரத்தில்தான். காய்ந்த கையுறையுடன் மரப்பலகை மேல் நிற்பவரை இந்த வோல்ட்டேஜ் பெரும்பாலும் விட்டுவிடும். தொட்டிக்குள் முழங்காலிட்டு, நனைந்த சட்டையோடு இரும்பில் சாய்ந்திருப்பவருக்கு இதே வோல்ட்டேஜ் உயிரைப் பறிக்கப் போதுமானது. மின்னதிர்ச்சி அபாயம் கூடுதலாக உள்ள இடங்களுக்கான ஏ.சி. மெஷின்களில் இந்த வோல்ட்டேஜ் 48-ஐத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தரநிலை வரையறுத்திருப்பது இதனால்தான்.

அடுத்து டேப். வீட்டு வயரிங்கில் சுற்றும் பி.வி.சி. டேப்பின் பசை, வெல்டிங் கேபிளின் சூட்டில் இளகி, ஓரம் பிரிந்து, இரும்புத்தூளையும் ஈரத்தையும் உள்ளே விட்டுவிடும். அதைவிடக் கவலைக்குரியது, டேப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதுதான். இழை ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் தடிமன் என்றால், 35 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கும். ஹோல்டரை ஒட்டிய பகுதி நாள் முழுவதும் வளைந்து நிமிர்வதால், அங்கே இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. முறிந்தவற்றின் சுமையும் மிஞ்சிய இழைகளின் மேல் விழ, அந்த ஒரு சாண் நீளம் மட்டும் சூடேறி, ரப்பரை உள்ளிருந்தே வாட்டி விறைக்கச் செய்கிறது. விறைத்த ரப்பர் அடுத்த வளைவில் வெடிக்கிறது. ஆகவே தாங்கள் பார்க்கும் வெடிப்பு வெளியிலிருந்து ஏற்பட்ட காயமாக இல்லாமல், உள்ளே செம்பு நைந்துபோனதன் அடையாளமாகவும் இருக்கலாம். அப்படியானால் டேப் அதை மறைக்குமே தவிர, சரிசெய்யாது.

இதற்கு மருந்து வெட்டுவதுதான். பழுதுபட்ட இரண்டடியையும் நறுக்கிவிட்டு, நல்ல முனையில் ஹோல்டரை மாட்டுங்கள். ஹோல்டரிலிருந்து பத்தடி, அதாவது ஏறத்தாழ மூன்று மீட்டர் தூரத்துக்குள், காப்புறையுள்ள கனெக்டரையும் கேபிளுக்குச் சமமான காப்புள்ள இணைப்பையும் தவிர, கேபிளில் இணைப்போ பழுதுபார்த்த இடமோ இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் கட்டுமானப் பணிகளுக்கான பாதுகாப்பு விதி சொல்கிறது. அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் அதன் காரணம் இங்கும் பொருந்தும். வெல்டரின் கையும் தோளும் மடியும் கேபிளைத் தொடுவது அந்த மூன்று மீட்டரில்தான்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. மெஷினின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெயின் சுவிட்சையும் அணைத்து, கேபிளை மெஷினிலிருந்து கழற்றிய பிறகே கத்தியை எடுக்க வேண்டும். வெட்டிய முகத்தில் செம்பு பளபளப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கருத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும் வரை இன்னும் வெட்டுங்கள். சில அங்குலக் கேபிள் போகிறதே என்று இந்த இடத்தில் தயங்கக் கூடாது. உறையைச் சீவும்போது கத்தி இழைகளின் மேல் பட்டால் பல இழைகள் போய்விடும் என்பதால், ரப்பரை முக்கால் ஆழம் மட்டும் சுற்றி வெட்டி, மீதியை வளைத்துப் பிய்த்தெடுப்பது நல்லது. ஹோல்டரின் திருகு இழைகளை நேரடியாக அழுத்தினால் அவற்றை அறுத்துவிடும். இழைகளின் மேல் மெல்லிய செப்புத் தகட்டைச் சுற்றி, அதன் மேல் திருகு அமரும்படி செய்யுங்கள். இழைகள் சூட்டில் படிந்து இடம் கொடுக்கும் என்பதால், ஒரு மணி நேரம் வேலை செய்த பிறகு மெஷினை அணைத்து அந்தத் திருகை மறுபடி முறுக்க வேண்டும். கைப்பிடி உறைக்கு வெளியே செம்பு ஒரு நூலளவும் தெரியக் கூடாது.

ஒட்டுப்போடுவதே கூடாது என்று சொல்லவில்லை. ஹோல்டரிலிருந்து மூன்று மீட்டருக்கு அப்பால், உறை மட்டும் கீறி, செம்பு சிறிதும் சேதமடையாமல் இருந்தால், அந்த இடத்தை எண்ணெய் இல்லாமல் துடைத்து, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி சுற்றலாம். உள்புறம் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் உறையைப் போடுவது அதைவிட மேல். எதைப் போட்டாலும் அந்த இடத்தின் காப்பு, பழைய உறையின் காப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: 20 மீட்டர் கேபிளுடன் 15 மீட்டர் துண்டு ஒன்றை இணைக்க வேண்டும். இழைகளைப் பின்னி, ஈயம் உருக்கி ஊற்றி, டேப் சுற்றினால் போதும் என்கிறார்கள். இது ஏற்கத்தக்கதா?
— தொழிற்பயிற்சி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: ஏற்கத்தக்கதல்ல. சாதாரண ஈயப்பற்று 183 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். இணைப்பில் தடை சிறிது கூடினாலே சூடேறி, ஈயம் தளர்ந்து, தடை மேலும் கூடும். தவிர, உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஏறிச் சென்று அந்தப் பகுதியை ஒரே கட்டையாக விறைக்க வைப்பதால், ஈயம் முடிந்து நெகிழும் இழைகள் தொடங்கும் எல்லையில் கேபிள் முறியும்.

இதற்கென்றே காப்புறையுடன் கூடிய கேபிள் கனெக்டர்கள் கிடைக்கின்றன. ஆண் முனையைச் செருகித் திருப்பினால் அவை பூட்டிக்கொள்ளும். பெண் முனை மெஷின் பக்கமும் ஆண் முனை ஹோல்டர் பக்கமும் வர வேண்டும். அப்போதுதான் தற்செயலாகப் பிரிந்தாலும் மின்சாரம் உள்ள பக்கத்தில் செம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. லக் (கேபிள் முனையில் மாட்டும், துளையுள்ள உலோக முனை) வைத்து போல்ட் போட்டு இணைப்பதானால், கேபிளின் அளவுக்குரிய லக்கையே வாங்கி, அதற்குரிய அச்சுள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்தி, இணைப்பை முழுவதும் காப்புறையால் மூட வேண்டும். 50 அளவு லக்குக்குள் 35 அளவு கேபிளை விட்டு, உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி முடிக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது பார்வைக்கு இறுகியதுபோல இருந்தாலும் உள்ளே பாதி இழைகள் காற்றில் நிற்கும்.

இணைப்பு சரியாக அமைந்ததா என்பதை ஒரு மல்டிமீட்டரால் அறியலாம். ஒருவர் வெல்டிங் செய்துகொண்டிருக்கும்போது, உடன் இருப்பவர் காய்ந்த கையுறை அணிந்து, இணைப்பின் இரு புறமும் உள்ள வோல்ட்டேஜ் வேறுபாட்டை அளக்க வேண்டும். 200 ஆம்பியரில் 0.2 வோல்ட் காட்டினால், அங்கே 40 வாட் வெப்பம் உண்டாகிறது என்று பொருள். சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பற்றவைத்து ரப்பர் உறைக்குள் மூடி வைத்ததற்கு அது சமம். அந்த இணைப்பைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டும்.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீளம் 35 மீட்டரானால், போவதும் வருவதுமாக மின்சாரம் 70 மீட்டர் பயணிக்கிறது. 35 சதுர மில்லிமீட்டர் செம்பின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.55 மில்லி ஓம் என்பதால், 200 ஆம்பியரில் வழியிலேயே 7.7 வோல்ட் போய்விடும். ஆர்க்குக்குத் தேவைப்படுவதே 25 வோல்ட் சுமார் என்னும்போது இது சிறிய இழப்பல்ல. ஆர்க் சோர்வதைக் கண்டு மெஷினைக் கூட்டி வைத்தால் கேபிள் இன்னும் சூடாகும். இந்த நீளத்துக்கு 70 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் இழப்பு பாதியாகும்.

கேள்வி: கட்டட வேலையில் எர்த் கேபிள் எட்டாதபோது, ஆங்கிள் துண்டுகளையும் கட்டுக்கம்பிகளையும் வரிசையாகப் போட்டு எர்த் எடுக்கிறோம். ஆபத்து உண்டா?
— ஒப்பந்ததாரர், ஓசூர்

பதில்: நிச்சயம் உண்டு. ஹோல்டர் கேபிளைப் பொத்திப் பாதுகாப்பவர்கள்கூட எர்த் கேபிளை இரண்டாந்தரமாக நடத்துவது நெடுநாள் பழக்கம். ஹோல்டருக்குப் போகும் 200 ஆம்பியரும் ஏதாவது ஒரு வழியில் மெஷினுக்குத் திரும்பியாக வேண்டும். தாங்கள் போட்ட கம்பிகளின் தொடுமுனைகள் துருவாலும் தளர்வாலும் தடை காட்டினால், அது கிடைத்த மற்ற வழிகளிலெல்லாம் பிரிந்து செல்லும். வேலைப்பொருளைத் தாங்கும் செயின் பிளாக்கின் சங்கிலி, கிரேனின் இரும்புக்கயிறு, மோட்டாரின் பேரிங், அருகில் இரும்பின் மேல் கிடக்கும் கிரைண்டரின் எர்த் வயர் ஆகியவை அத்தகைய வழிகள். அந்த மெல்லிய எர்த் வயர் சத்தமில்லாமல் எரிந்துபோனால், அடுத்த நாள் கிரைண்டரில் மின்கசிவு ஏற்படும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது. யாரும் பார்க்காத மூலையில் தொடுமுனை பொறி தட்டி, சாக்கிலோ பலகையிலோ தீப்பற்றுவதும் உண்டு.

எர்த் கேபிளும் ஹோல்டர் கேபிளின் அதே அளவில், எட்டும் நீளத்தில் இருக்க வேண்டும். கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே, பெயின்டும் துருவும் அரத்தால் நீக்கிய இரும்பில் மாட்ட வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்த கிளாம்பைச் செங்கல் வைத்து அழுத்திச் சமாளிப்பதைக் கைவிட்டு, புதியதை வாங்குங்கள். எர்த் கிளாம்ப் இருப்பதால் மெஷின் உடலுக்குத் தனி எர்த் தேவையில்லை என்ற எண்ணமும் தவறானது. இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை.

கேள்வி: விலை குறைவு என்பதால் அலுமினிய வெல்டிங் கேபிள் வாங்கலாமா? பழைய செப்புக் கேபிளோடு அதை இணைக்கலாமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: வாங்கலாம். ஆனால் அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பின் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் என்பதால், 35 அளவு செம்புக்குப் பதிலாக 70 அளவு அலுமினியம் வேண்டியிருக்கும். ஓயாமல் வளையும் ஹோல்டர் பக்கத்துக்கு அது ஏற்றதல்ல. நிலையாகக் கிடக்கும் நீண்ட பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாகத் தொடவிட்டால், தங்கள் ஊரின் உப்புக்காற்றில் அலுமினியம் விரைவில் அரித்துப்போகும். இரு உலோகங்களுக்கும் பொருந்தும் பைமெட்டல் லக் போட்டு, ஈரம் புகாமல் மூட வேண்டும்.

கேள்வி: கேபிளை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்?
— வெல்டர், ராணிப்பேட்டை

பதில்: ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும், மெஷின் அணைந்திருக்கும்போது, கேபிள் முழுவதையும் கையால் தடவிச் செல்லுங்கள். வெடிப்பும் விறைப்பும் உள்மெலிவும் கண்ணைவிடக் கைக்கு முன்னதாகத் தெரியும். மழைக்காலத்தில் ஈரம் பட்ட கேபிளை, காப்பின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் சோதிப்பது நல்லது. ஆனால் கேபிளை மெஷினிலிருந்து கழற்றாமல் மெக்கர் போட்டால் இன்வெர்ட்டர் மெஷினின் மின்னணுப் பாகங்கள் கெட்டுவிடக்கூடும். வேலையின்போது மீதிக் கேபிளைச் சுருளாக வைத்திருக்க வேண்டாம். சுருளுக்குள் வெப்பம் அடைபடும், ஏ.சி. மெஷினானால் வோல்ட்டேஜும் குறையும். கேபிளை உடம்பில் சுற்றிக்கொண்டு வெல்டிங் செய்வதோ எந்த நிலையிலும் கூடாது.