உப்புத் தண்ணீரில் முட்டை நாற்றம்

கேள்வி: எங்கள் சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டியை ஞாயிறு லீவு முடிந்து திங்கள் காலை திறந்தால் அழுகின முட்டை நாற்றம். அடியில் மை போலக் கருப்புச் சேறு. உப்பில் போட்ட ஊறுகாயே கெடுவதில்லை, இந்த உப்புத் தண்ணீரில் எந்தக் கிருமி பிழைக்கும்? ப்ளீச்சிங் பவுடர் போட்டாலும் இரண்டே நாளில் நாற்றம் திரும்பிவிடுகிறது.
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: முதலில், அந்தத் தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர்தான் மயங்கி விழுகிறார்.

அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை போடுகிறீர்களே சோடியம் சல்பேட், அதுதான் இந்த வாயுவை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு மூச்சு. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல் இவை சல்பேட்டைச் சுவாசித்து சல்பைடை வெளிவிடும். துணியிலிருந்து வரும் கஞ்சியை மற்ற பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து லாக்டேட்டும் ஹைட்ரஜனும் ஆக்கித் தருகின்றன. அது இவற்றின் சாப்பாடு. சேற்றின் கருப்பு, சல்பைடு இரும்போடு சேர்ந்த நிறம்.

ஊறுகாயில் உப்பு, கிருமியின் உடலிலிருந்து தண்ணீரை இழுத்து வாட்டுகிறது. உப்பிலேயே வாழும் பாக்டீரியாக்களான உப்பு விரும்பிகளோ ட்ரெஹலோஸ், பீட்டைன் போன்ற பொருள்களை உள்ளே நிரப்பி அந்த இழுப்பைச் சமன் செய்கின்றன. செனகல் நாட்டு ரெட்பா ஏரியில் கிடைத்த டெசல்ஃபோஹாலோபியம் என்ற சல்பேட் சுவாசிக்கும் பாக்டீரியா, 24 சதவீத உப்பிலும் வளரும். உங்கள் தொட்டி அவ்வளவு உப்பு இல்லை.

ப்ளீச்சிங் பவுடர் தோற்பதற்குக் கணக்கே காரணம். ஒரு கிலோ ஹைட்ரஜன் சல்பைடை முழுசாகச் சல்பேட்டாக்க 8 கிலோவுக்கு மேல் குளோரின் வேண்டும். மேல் தண்ணீரிலேயே குளோரின் தீர்ந்துவிட, சேற்றுக்குள் இருப்பவை தப்பிக்கின்றன. அந்தச் சேற்றை ஆள் இறங்காமல் பம்ப் வைத்து அடிக்கடி எடுத்துவிடுங்கள். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் இவை சல்பைடு ஆக்குவதில்லை, அதனால் லீவு நாளிலும் தண்ணீருக்குள் காற்றூதும் ப்ளோயர் ஓடட்டும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. ஏற்கெனவே நாறும் தொட்டியில் ப்ளோயரைப் போட்டதும் வாயு மொத்தமாகக் கிளம்பும், எல்லோரும் காற்று வரும் பக்கமாக விலகி நிற்கவேண்டும். ஃபெரிக் குளோரைடு சல்பைடைப் பிடித்து வைக்கும், ஆனால் அதுவே அமிலம். பிஎச் (அமில-கார அளவு) 8-க்குக் கீழே இறங்காமல் பாருங்கள். 7-ல் ஏறக்குறைய பாதி சல்பைடு வாயுவாகிவிடும். 5-ல் அநேகமாக முழுவதும். நாறும் தொட்டியில் ஆசிட் ஊற்றி நடுநிலையாக்குவது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: இந்த உப்பு விரும்பிகளைக் கல்லூரி ஆய்வகத்தில் வளர்க்க ஏற்காடு ஏரிச் சேறு ஆகுமா?
– மாணவி, ஏற்காடு

பதில்: சல்பேட் சுவாசிப்பவை அதில் கிடைக்கும், உப்பு விரும்பிகளுக்கு மரக்காணம் உப்பளச் சேறு நல்லது. இவற்றை வளர்க்கும் ஊட்டக் கரைசலான போஸ்ட்கேட் பி ஊடகத்தில் லிட்டருக்கு 100 கிராம் உப்பு சேருங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அஸ்கார்பிக் அமிலத்தைக் கடைசியில் போட்டு, பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி இறுக மூடி, 30 டிகிரியில் இருட்டில் வையுங்கள். முதல் நாளே தெரியும் சாம்பல் கலங்கல் வெறும் பாஸ்பேட் படிவு. வளர்ச்சி என்றால் கருக்கவேண்டும், அதற்குச் சில வாரம்கூட ஆகலாம். பாட்டிலில் காற்று இடம் விட்டிருந்தால் கருக்காது. திறப்பது ஃபியூம் ஹுட்டுக்குள் (நச்சு வாயுவை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு) மட்டும்.