வெள்ளையடிக்க யார் காசு?

கேள்வி: மாதச் சம்பளம் 55,000 ரூபாய். அண்ணா நகரில் 28,000 ரூபாய் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறேன். சமாளிக்க முடியுமா?

முடியாது.

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஆறு ஆண்டுகள் குடியிருந்தோம். காலி செய்தபோது, ஒன்றரை லட்ச ரூபாய் அட்வான்சில் 38,000 ரூபாயை வெள்ளையடிக்கப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். மீதியை அடுத்த ஆள் வந்ததும் தருவாராம். மூன்று மாதம் ஆகிறது.

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஆறு ஆண்டு குடியிருந்தால் சுவர் அழுக்காகத்தான் செய்யும். அதற்குத்தானே மாதாமாதம் வாடகை வாங்கினார்? 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, வெள்ளையடிப்பதை வீட்டுக்காரரின் பொறுப்பு என்றுதான் சொல்கிறது. முன்பணத்தையும், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும். அடுத்த ஆள் வருவது அவர் கவலை. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. கூடவே 'வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி' என்று ஒரு வாலையும் ஒட்டி வைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் சென்னை முழுக்கப் பத்து மாத அட்வான்ஸ் வாங்குகிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். வெள்ளையடிப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் அதே சட்டப்படி அமர்த்தப்பட்ட வாடகை அதிகாரியிடம் போங்கள். ஒப்பந்தம் அங்கே பதிவாகியிருந்தால் வேலை சுலபம். 'பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு' என்று தரகர் சொன்னதை நம்பியிருந்தால் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: நானும் தோழியும் சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கிறோம். 'குடும்பத்துக்கு மட்டும்' என்று ஏழு வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய தெருக்களில் மாடிக்கு மேல் மாடி எழும்பியதே உங்களைப் போல் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் வாடகையில்தான். அவர்களையே வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். நேரடி வழி ஒன்றும் என் கையில் இல்லை. ஆறு மாதமாகக் காலியாகக் கிடக்கும் வீடாகத் தேடுங்கள். அங்கே கொள்கை தளர்ந்திருக்கும். சாவி கைக்கு வரும்வரை தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: படப்பை அருகே 1,050 சதுர அடி ஃபிளாட்டுக்கு மூன்று லட்சம் கட்டிவிட்டேன். இனி என்னென்ன பார்க்க வேண்டும்?

கட்டுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும், ஐயா! கட்டுமானத் திட்டங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ரெராவின் பதிவு எண் இருக்கிறதா? சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானத்தைக் காட்டும் வில்லங்கச் சான்று, முந்தைய உரிமையைச் சொல்லும் தாய்ப் பத்திரம் பார்த்தீர்களா? நிலத்தில் உங்கள் பிரிபடாத பங்கு எவ்வளவு? வீட்டுக்குள் புழங்கக் கிடைக்கும் இடம், அதாவது கார்பெட் ஏரியா, எவ்வளவு? ஒன்றையும் எழுதவில்லை; நீச்சல் குளம் பற்றி மட்டும் நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு பேசும் நான் 2009இல் கூடுவாஞ்சேரியில் 'ஆயிரம் சதுர அடி' வாங்கியவன். குடிபோன பிறகு டேப் வைத்து அளந்தேன்: 720. மிச்சம் படிக்கட்டிலும் லிஃப்ட்டிலும் இருக்கிறதாம். படுக்கையறைக் கதவை முழுதாகத் திறந்தால் பீரோவில் இடிக்கும். பதினைந்து வருடமாகப் பக்கவாட்டில் நுழைகிறேன்.

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தள வீடு, அக்கம்பக்கத்தை விட 4,000 ரூபாய் வாடகை குறைவு. போகலாமா?

2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்த்த மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். மின் மீட்டர் எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள்.